325 கிலோமீற்றர் கண்ணாடி

தூத்துக்குடிக் கரையில் ஒரு லேசரை வைத்து, ஒரு மில்லிவாற்று ஒளியைக் கண்ணாடி நார் ஒன்றுக்குள் செலுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாரின் மறுமுனை கல்கிசையில் இருக்கிறது. இடையில் 325 கிலோமீற்றர் கடல். மறுமுனையில் எவ்வளவு ஒளி வந்து சேரும்?

நல்ல நார் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் ஏறத்தாழ 0.2 டெசிபெல் ஒளியை விழுங்கிவிடும். 325 கிலோமீற்றருக்கு 65 டெசிபெல். டெசிபெல் மடக்கை அளவு என்பதால் 65 சிறிய எண்ணாகத் தெரிகிறது. உண்மையில் அனுப்பியதில் முப்பது இலட்சத்தில் ஒரு பங்குதான் கரை சேரும். இதையே போட்டோன்களாக எண்ணிப் பார்க்கலாம். 1550 நானோமீற்றர் அலைநீளத்தில் ஒரு மில்லிவாற்று என்றால் செக்கனுக்கு 78 கோடி கோடி போட்டோன்கள். கல்கிசைக்கு வந்து சேர்வது செக்கனுக்கு 250 கோடி. இதுவும் பெரிய எண்தான். ஆனால் 1990களின் இறுதியில் வழக்கிலிருந்த வேகமான 2.5 கிகாபிட்டில் தகவல் அனுப்பினால் செக்கனுக்கு 250 கோடி பிட்டுகள் போகின்றன. அதாவது ஒரு பிட்டுக்கு ஒரு போட்டோன். ஒளி உண்டு, இல்லை என்று பிரித்தறியும் முறையில், குறையே இல்லாத இலட்சியக் கருவிக்குக்கூடச் சராசரியாகப் பிட்டுக்குப் பத்தளவு போட்டோன்கள் வேண்டும். தொழிற்சாலையில் செய்த உண்மைக் கருவிக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும்.

கணக்கு முடியாது என்று சொல்கிறது. வடமோ இருக்கிறது. இந்தியாவின் பாரத் சஞ்சார் நிகாமும் ஸ்ரீலங்கா டெலிகொமும் சேர்ந்து அமைத்த ‘பாரத் லங்கா’ வடம் 2006இல் இயங்கத் தொடங்கியது. ஒரு முனை தூத்துக்குடி, மறுமுனை கல்கிசை. வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டுவதற்காகச் சுதேசிக் கப்பல் கம்பனியைத் தொடங்கியது 1906இல். நூறு வருடம் கழித்து அதே கடலில் கண்ணாடி போடப்பட்டது. திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கல்கிசைக்கு வருகிறவர்கள் ஆளுநர் மெயிற்லண்டின் மாளிகையாக இருந்து விடுதியான கட்டடத்தைப் பார்ப்பார்கள், கடலில் குளிப்பார்கள், மாலையில் காலி வீதி நெரிசலில் 101 பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கோ கோட்டைக்கோ திரும்புவார்கள். காலடியில் மணலுக்குக் கீழே கடலடி வடங்கள் கரையேறுவது கண்ணில் படுவதில்லை. பாரத் லங்காவுக்கு முன்னரே, 1999இல், தென்கிழக்கு ஆசியாவையும் மத்திய கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைத்த சீ-மீ-வீ 3 இங்கே கரையேறியது. ஜேர்மனியிலிருந்து யப்பான், அவுஸ்திரேலியா வரை ஏறத்தாழ 39,000 கிலோமீற்றர் நீளம். 2010களின் நடுப்பகுதியில் ஓமானிலிருந்து மும்பாய், சென்னை வழியாக மலேசியாவின் பினாங்குக்குப் போகும் ‘வங்காள விரிகுடா நுழைவாயில்’ வடம் வந்தது. அதன் இலங்கைக் கரையும் கல்கிசைதான். இப்படி ஒரே கடற்கரையில் மூன்று தலைமுறைத் தொழில்நுட்பம் புதைந்து கிடக்கிறது. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் இலத்திரனியல் கடந்த முப்பது வருடங்களில் எந்தத் திசையில் நகர்ந்தது என்பது தெரியும்.

முதலில் கண்ணாடி. 1966இல் சார்ள்ஸ் காவோ இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டபோது, கையில் கிடைத்த கண்ணாடி கிலோமீற்றருக்கு 1000 டெசிபெல் அளவில் ஒளியை விழுங்கியது. அதில் இருபது மீற்றர் தாண்டினாலே ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற மாசுகளில்தான் என்று காவோ வாதிட்டார். 20 டெசிபெல்லுக்கு இறக்கினால் தொலைபேசிக்கு உதவும் என்றும் சொன்னார். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தில் மூன்று பேர் 17 டெசிபெல்லை எட்டினார்கள். 1979இல் யப்பானில் 0.2. அதற்குப் பிறகு முன்னேற்றம் ஊர்ந்துதான் போகிறது. மாசு போய்விட்டாலும், கண்ணாடி உறையும்போது அதற்குள் தங்கிவிடும் நுண்ணிய அடர்த்தி வேறுபாடுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரியக் காரணமான அதே சிதறல். அலைநீளம் கூடக்கூட அது குறையும். கூடிக்கொண்டே போனால் கண்ணாடியின் அணுக்கூட்டங்களே ஒளியை உறிஞ்சத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம்தான் 1550 நானோமீற்றர். உலகின் நீண்ட வடங்கள் அனைத்தும் அந்தப் பள்ளத்தில்தான் வேலை செய்கின்றன. காவோவுக்கு நோபல் பரிசு 2009இல்தான் வந்தது.

கண்ணாடி இவ்வளவு தெளிந்தும் சிங்கப்பூர் வரை ஒளி தானாகப் போகாது. வழியில் அதற்குப் பலம் ஏற்ற வேண்டும். 1994இல் கொழும்பைத் தொட்ட சீ-மீ-வீ 2இல் இதற்காகக் கடலடியில் மீளுருவாக்கிகள் இருந்தன. ஒளியை வாங்கி மின்துடிப்பாக மாற்றி, 0, 1 என்று பிரித்தறிந்து, புது லேசரால் மறுபடி அனுப்புவது அவற்றின் வேலை. நேர்த்தியான சுற்று. ஆனால் 560 மெகாபிட் வேகத்துக்கென்று செய்த சுற்றுக்கு 560 மெகாபிட் மட்டுமே தெரியும். கரையில் எத்தனை வேகமான கருவி வந்தாலும் கடலுக்கடியில் கிடப்பதை மாற்ற முடியாது. வடம் போட்ட நாளிலேயே அதன் எதிர்காலமும் முடிவாகிவிட்டது.

இந்தப் பூட்டை உடைத்தது எர்பியம் என்ற அருமண் தனிமம். 1987 அளவில் இங்கிலாந்தின் சவுத்தாம்ரன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்னின் குழுவும் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் எமானுவேல் டெசூர்வியரும் நாருக்குள் சிறிது எர்பியத்தைக் கலந்து, வேறொரு அலைநீள லேசரால் அதற்குச் சக்தியூட்டிக் காட்டினார்கள். அவ்வழியே போகும் 1550 நானோமீற்றர் ஒளி, எர்பிய அணுக்களிடமிருந்து தன்னைப் போன்ற போட்டோன்களைக் கூட்டிக்கொண்டு போகும். மின்துடிப்பாக மாற்றவேண்டிய தேவையே இல்லை. 0 எது 1 எது என்பது பெருக்கிக்குத் தெரியாது, வேகம் என்னவென்பதும் தெரியாது. பல நிற ஒளிகள் ஒன்றாக வந்தாலும் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெருக்கிவிடும். மேம்போக்காகப் பார்த்தால் இது பின்னடைவு: கடலுக்கடியில் இருந்த புத்தியுள்ள சுற்றை எடுத்துவிட்டுப் புத்தியற்ற ஒன்றை வைத்தார்கள். அந்தப் புத்தியின்மைதான் வடத்தைக் காப்பாற்றியது. சீ-மீ-வீ 3 ஒவ்வொரு நாரிலும் எட்டு அலைநீளங்களோடு, அலைநீளத்துக்கு 2.5 கிகாபிட் வேகத்தில் தொடங்கியது. பின்னர் கரையிலிருந்த கருவிகளை மட்டும் மாற்றி அலைநீளங்களைக் கூட்டினார்கள், 10 கிகாபிட்டுக்கும் போனார்கள். கடலில் கிடந்த நார் அப்படியே இருந்தது.

இனி மின்சாரம். பெருக்கியின் லேசர்களுக்கு மின் வேண்டும். நடுக்கடலில் பற்றரி மாற்ற ஆளில்லை. எனவே நார்களைச் சுற்றியுள்ள செப்புக் குழாய் வழியே கரையிலிருந்தே மின்னோட்டம் போகிறது. வெசாக் தோரணத்தின் பழைய மின்குமிழ் மாலை போல எல்லாப் பெருக்கிகளும் ஒரே தொடரில் கோக்கப்பட்டிருக்கின்றன. மின்னோட்டம் திரும்பிவரக் கம்பி கிடையாது, கடல்நீரே திரும்பும் வழி. இங்கே வோல்ற்றளவை நிலையாக வைத்தால் சரிவராது. வடத்தின் தடை வெப்பநிலையோடு மாறும், பூமியின் காந்தப்புயல்கள் தாமாகவே நூற்றுக்கணக்கான வோல்ற்றுகளைத் தூண்டும். நிலையாக இருக்கவேண்டியது மின்னோட்டம், ஏறத்தாழ ஒரு அம்பியர். கரையிலுள்ள மின்வழங்கி ஓட்டத்தை இடைவிடாமல் அளந்து, சற்றுக் குறைந்தால் வோல்ற்றளவை ஏற்றும், கூடினால் இறக்கும். பின்னூட்டக் கட்டுப்பாட்டுக்குப் பாடப்புத்தகத்தில் வரும் உதாரணம்தான், வோல்ற்றளவு மட்டும் ஆயிரக்கணக்கில். கிலோமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு ஓம் என்றால் 1000 கிலோமீற்றருக்கு வடத்துக்கே 1000 வோல்ற்று போய்விடும். ஒவ்வொரு பெருக்கிக்கும் வேறு பத்துப் பத்தாகக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டின் துணைப்பயன் ஒன்று எனக்கு எப்போதும் பிடிக்கும். இரு கரைகளிலும் மின்வழங்கிகள் உண்டு, ஒன்று நேர், மற்றது மறை. அழுத்தம் பூச்சியமாகும் புள்ளி நடுக்கடலில் எங்கோ இருக்கும். வடத்தின் பொலித்தீன் உறை எங்காவது கிழிந்து செம்பைக் கடல்நீர் தொட்டால், பூச்சியப் புள்ளி அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும். ஓட்டம் குறையாமல் காக்க இரு வழங்கிகளும் தாமாகவே வோல்ற்றளவைத் திருத்திக்கொள்ளும். பெரும்பாலும் சேவை நிற்பதில்லை. கரையிலிருக்கும் பொறியியலாளர் புதிய வோல்ற்றளவைப் படித்து ஓமின் விதியில் போட்டால், கிழிசல் எத்தனையாவது கிலோமீற்றரில் என்று விடை வரும். அடியோடு அறுந்தால் கதை வேறு. அந்தக் கணத்தில் வடத்தில் தேங்கியிருந்த மின்னேற்றம் பாய்ந்தோடும், அது பெருக்கியைச் சுட்டுவிடாமல் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் செனர் டயோட்டுகள் காவல் நிற்கின்றன.

அறுபடுவது அபூர்வமல்ல. 2004 ஓகஸ்ட்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியது. நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளும் பெரும்பாலும் முடங்கின. மீண்டும் ஒரு வடம், அதுவும் வேறு திசையில், என்ற எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை.

தூத்துக்குடி வடம் இன்னொரு வகை. 300 கிலோமீற்றர் அளவிலான தூரத்தைக் கடலடியில் மின் பெருக்கியே வைக்காமல் தாண்ட முடியும். உயர் வோல்ற்றளவும் வேண்டாம், நடுக்கடலில் பழுதாகப் பெட்டியும் இல்லை. அப்படியானால் முதலில் போட்ட 65 டெசிபெல் கணக்கை எப்படி வெல்வது? ஒரே ஒரு தந்திரத்தால் அல்ல, பல தந்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி.

அனுப்பும் ஒளியைக் கூட்டலாம். ஆனால் நார் ஒரு மயிரிழை. அதன் நடுவிலுள்ள பத்து மைக்குரோமீற்றர் அளவிலான ஒடுங்கிய பகுதியில் நூறு மில்லிவாற்றுக்கு மேல் திணித்தால் கண்ணாடியின் ஒளிமுறிவே மாறத் தொடங்கும். ஒளி தன்னைத் தானே குழப்பிக்கொள்ளும். எனவே அந்தப் பக்கம் எல்லை உண்டு. அடுத்தது, வாங்கும் கரையிலிருந்து எதிர்த்திசையில் 1450 நானோமீற்றர் அளவிலான வலிய லேசர் ஒன்றை நாருக்குள் செலுத்துவது. இங்கே திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி.ராமன் வருகிறார். ஒரு பொருளில் ஒளி பட்டுச் சிதறும்போது மூலக்கூறுகளின் அதிர்வுக்குச் சிறிது சக்தியைக் கொடுத்துவிட்டு அலைநீளம் கூடி வெளிவரும் என்பதை 1928இல் கல்கத்தாவில் அவர் கண்டுபிடித்தார். கண்ணாடியில் அந்த அலைநீள இடைவெளி, நமக்கு வேண்டிய பகுதியில், ஏறத்தாழ 100 நானோமீற்றர். 1450இல் போகும் வலிய ஒளி 1550இல் வரும் மெலிந்த சமிக்ஞைக்குத் தன் சக்தியைக் கொடுக்கும். நாரில் இப்படிப் பெருக்க முடியும் என்று ஸ்டோலனும் இப்பெனும் 1973இல் காட்டினார்கள். இதில் தனிப் பெருக்கி எதுவும் கிடையாது. கரைக்கு முன்னுள்ள கடைசிப் பல பத்துக் கிலோமீற்றர் நாரே பெருக்கியாகிவிடுகிறது. சமிக்ஞை முழுதாகத் தேய்ந்துபோவதற்கு முன்பே தாங்கிப் பிடிப்பதால் இரைச்சலும் குறைவு. இன்னும் வேண்டுமானால், கரையிலிருந்து நூறு கிலோமீற்றர் அளவில் சில மீற்றர் எர்பிய நாரைப் பொருத்தி அதற்கும் கரையிலிருந்தே ஒளியால் சக்தியூட்டலாம்.

மூன்றாவது தந்திரம் பௌதிகம் அல்ல, கணிதம். ரீடும் சொலமனும் 1960இல் எழுதிய பிழைதிருத்தும் குறிமுறை 1990களில் கடலடி வடங்களுக்கு வந்தது. 239 பைட்டுகள் தகவலுக்கு 16 பைட்டுகள் மேலதிகம். சேர்ந்த 255இல் எந்த எட்டு பைட் பழுதானாலும் மறுமுனை தானே திருத்திக்கொள்ளும். ஏழு வீதம்கூடக் கூடாத இந்தச் சுமைக்குக் கிடைக்கும் இலாபம் பல டெசிபெல். ஒவ்வொரு டெசிபெல்லும் ஐந்து கிலோமீற்றர் கடல். ஒரு சிப்பில் ஓடும் பெருக்கலும் கூட்டலும் பல பத்துக் கிலோமீற்றர் கண்ணாடிக்குச் சமம் என்பதைக் கடலடி வடக்காரர்கள் உணர்ந்தது இங்கேதான்.

அந்த உணர்வின் உச்சம் மூன்றாவது வடம். வங்காள விரிகுடா வடம் அலைநீளத்துக்கு 100 கிகாபிட் என்ற தொழில்நுட்பத்தோடு வந்தது. இதில் ஒளியை அணைத்து ஏற்றுவதில்லை. அலையின் கட்டத்தை மாற்றுகிறார்கள், நாலு நிலைகளில். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு முனைவாக்கங்களிலும், அதாவது ஒளியலை அதிரும் இரு திசைகளிலும், தனித்தனித் தகவல் ஏற்றுகிறார்கள். வாங்கும் பக்கத்தில் உள்ளூர் லேசர் ஒன்றின் ஒளியோடு வந்த ஒளியைக் கலந்து, கட்டத்தையும் வீச்சையும் மின்சமிக்ஞையாக்கி, செக்கனுக்கு ஐயாயிரம் கோடிக்கு மேற்பட்ட தடவை மாதிரி எடுத்து எண்களாக்குகிறார்கள். மீதி வேலையெல்லாம் எண்கணிதம். 1980களிலேயே இந்த ஒத்திசைவு முறை ஆய்வுகூடங்களில் சூடாக இருந்தது. எர்பியப் பெருக்கி வந்ததும் இனித் தேவையில்லை என்று கைவிட்டார்கள். இருபது வருடம் கழித்து, போதிய வேகமுள்ள சிப்புகள் கிடைத்ததும், தூசு தட்டி எடுத்தார்கள்.

எண்கணிதம் என்ன செய்கிறது? கண்ணாடியில் ஒவ்வொரு அலைநீளமும் சற்றே வேறு வேகத்தில் போகும். அந்த நாலு நிலைகளில் ஒன்றைத் தாங்கிய துடிப்பு, அதாவது ஒரு குறியீடு, 31 பைக்கோசெக்கன் அகலத்தில் புறப்படுகிறது. சாதாரண நாரில் 2000 கிலோமீற்றர் ஓடி முடிக்கையில் ஏறத்தாழ 280 குறியீடுகளின் அகலத்துக்குப் பரவிவிடும். திரையில் பார்த்தால் வெறும் இரைச்சல். முன்னைய வடங்களில் இதைச் சமன்செய்ய எதிர்க்குணமுள்ள நார்களை மாறிமாறிக் கோத்தார்கள். இப்போது சிப், இத்தனை கிலோமீற்றர் கண்ணாடி இப்படித்தான் கலைத்திருக்கும் என்று கணித்து, அதன் நேர்மாறைப் பெருக்கித் தள்ளுகிறது. 1965இல் குலியும் டுக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியே மாற்றம் இல்லாவிட்டால் அந்தப் பெருக்கல்கள் எந்தச் சிப்பிலும் அடங்கா.

முனைவாக்கம் இன்னும் பொல்லாதது. பரவல் மாறாது, ஒருமுறை அளந்தால் போதும். முனைவாக்கம் நாரின் வளைவு, அழுத்தம், வெப்பம் எல்லாவற்றுக்கும் ஏற்பச் சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டில் ஏற்றிய தகவலும் ஒன்றோடொன்று கலந்து வரும். எப்படிக் கலந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இதற்கான விடை எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கை. 1980இல் பிரான்சில் ஐ.பி.எம்.மில் இருந்த கொடார், தொலைபேசிக் கம்பியில் ஓடும் மொடெம்களுக்காக ஓர் அல்கோரிதம் எழுதினார். அனுப்பியது என்னவென்று தெரியாவிட்டாலும், அனுப்பிய ஒவ்வொரு குறியீட்டின் வீச்சும் ஒன்றே என்பது தெரியும். அதனால் வெளியீட்டின் வீச்சு சமமாக வரும்வரை, வந்த சமிக்ஞையைப் பெருக்கிக் கூட்டும் கணித வடிகட்டியின் எண்களைத் திருகிக்கொண்டே இரு என்பதுதான் அதன் சாரம். வினாடிக்குச் சில ஆயிரம் பிட்டுகளுக்காக எழுதியது. இன்று கோடிக்கணக்கான மடங்கு வேகத்தில் கடலடி ஒளியின் இரு முனைவாக்கங்களையும் பிரிப்பது அதன் வழிவந்த முறைதான்.

இதில் எதிர்பாராத ஒன்று விளைந்தது. வடிகட்டியின் எண்கள் நாரின் சுழற்சியைப் பின்தொடர்கின்றன என்றால், அந்த எண்கள் கடலடியின் அசைவைப் பதிவுசெய்கின்றன என்றும் சொல்லலாம். சிப் அவற்றைப் பயன்படுத்திவிட்டு எறிந்துவிடும். லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சிலிக்குப் போகும் கூகுளின் கியூரி வடத்தில் 2020இல் அவற்றை எறியாமல் சேமித்துப் பார்த்தார்கள். ஜமெய்க்காவுக்கு அருகிலும் மெக்சிக்கோவின் ஒஹாகாவிலும் நிகழ்ந்த பூகம்பங்கள் அதில் தெரிந்தன. புதிதாக எதையும் கடலில் போடவில்லை.

இந்தக் கடற்கரைக்கு இது வெறும் ஆய்வுச் செய்தி அல்ல. 2004 டிசம்பர் 26 காலை 7 மணிக்குச் சற்று முன் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தது. அலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆனது. தெற்குக்கும் மேற்குக்கும் அதைவிடச் சற்றுக் கூட. கோட்டையிலிருந்து புறப்பட்டு, கல்கிசை வழியே கரையோரப் பாதையில் தெற்கே போன ரயில் பெரலியவில் அலையில் அகப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை வலையமைப்பு கிடையாது. வங்காள விரிகுடாவின் அடியில் கண்ணாடி நார்கள் அப்போதே கிடந்தன.

முனைவாக்க அளவீட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. வடத்தின் முழுநீளத்தின் அசைவும் ஒன்றாகக் கூட்டித்தான் கிடைக்கும், எங்கே அசைந்தது என்று சொல்லாது. 2022இல் பிரித்தானியாவிலிருந்து கனடாவுக்குப் போகும் வடம் ஒன்றில் அதற்கும் வழி கண்டார்கள். ஒவ்வொரு பெருக்கிப் பெட்டியிலும் பரிசோதனைக்காக வைத்திருக்கும் திரும்புவழியால் சிறிது ஒளியை மீட்டெடுத்து, பெட்டிக்குப் பெட்டி தனித்தனியாக அளந்தார்கள். ஒரு வடம் பல அதிர்வுமானிகளாகப் பிரிந்தது. இந்த முறைக்கு நடுவில் பெருக்கிகள் இருந்தாக வேண்டும். பெருக்கியில்லாமல் தாண்டும் குறுங்கடல் வடத்தில் அந்தப் படிக்கட்டுகளே இல்லை, எத்தனை கிலோமீற்றரானாலும் அது ஒரே கருவிதான். பினாங்கு வரை போகும் வடத்தில் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் கிழக்கே உள்ளவை சுமாத்திராவின் வடமுனையை ஒட்டிய கடலில்தான் கிடக்கின்றன.